அரசு லேப்டாப்பில் டிராகன் வருமா?

கேள்வி: ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10 திறந்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. அதற்கு இனி அப்டேட்டும் வராதாம். லினக்ஸுக்கு மாறலாம் என்று நினைத்துக் கேட்டால் ஒருத்தி காளி போடு என்கிறாள், வகுப்பில் ஒரு பையன் ஆர்ச் என்கிறான், சீனியர் அக்கா உபுண்டு என்கிறார். அந்த லேப்டாப்பிலேயே பாஸ் என்று ஒன்று இருந்ததாம். கைக்கு வந்த வாரமே அண்ணன் அழித்துவிட்டான்.

இன்னொன்று. எனக்கு ஃபேண்டஸி ரோல் பிளேயிங் கேம் என்றால் உயிர். பால்டர்ஸ் கேட் 3, ஸ்கைரிம் இரண்டையும் யூடியூபில் பார்த்தே கதை முழுக்கத் தெரியும், கையால் ஆடியதில்லை. இலவசமாக இறக்கலாம் என்று சில தளங்களைச் சொல்கிறார்கள், பயமாக இருக்கிறது. வீட்டில் வைஃபை கிடையாது. போனில் நாளுக்கு 1.5 ஜிபி டேட்டாதான். அப்பா பஞ்சாலையில் வேலை பார்க்கிறார். "படிக்கக் கொடுத்த பெட்டியில் விளையாட்டா?" என்கிறார். எந்த லினக்ஸ் போடலாம்? நான் ஆடுவதற்கு என்ன இருக்கிறது?

— ஒரு வாசகி, சோழபுரம்

பதில்: பால்டர்ஸ் கேட் 3 விவகாரத்தை முதலில் தீர்த்துவிடுவோம். அந்த ஆட்டம் குறைந்தபட்சமாகக் கேட்பதே 8 ஜிபி ரேம், 4 ஜிபி நினைவகம் உள்ள தனி கிராஃபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டியில் 150 ஜிபி இடம். நாளுக்கு 1.5 ஜிபி வீதம், வாட்ஸ்அப்கூடத் திறக்காமல் இறக்கினால், 150 ஜிபிக்கு நூறு நாள். இறக்கி முடித்த பிறகு உங்கள் லேப்டாப்பில் அது ஓடாது. விண்டோஸிலும் ஓடாது, லினக்ஸிலும் ஓடாது. ஸ்கைரிமின் 2016 ஸ்பெஷல் எடிஷனும் 8 ஜிபி ரேம் கேட்கிறது. அதையும் யூடியூபோடு விட்டுவிடுங்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு யோசனை சொன்ன மூன்று பேருமே டிஸ்ட்ரோவின், அதாவது லினக்ஸ் வகையின், பெயரில் தொடங்குகிறார்கள். அங்கே தொடங்கக் கூடாது. இந்தப் பெட்டியில் எந்த ஆட்டம் ஓடும், அவற்றில் எதை ஆட உங்களுக்கு மனசு இருக்கிறது என்று முதலில் பாருங்கள். இயங்குதளம் அதன் பின்னாலேயே வந்துவிடும். ஆட்டத்தின் வேகத்தை முடிவு செய்வது கிராஃபிக்ஸ் சிப்பும் ரேமும்தான். டிஸ்ட்ரோவின் பெயர் அதில் சேர்ப்பதும் குறைப்பதும் கொஞ்சம்தான்.

மூன்று யோசனைகளையும் சீக்கிரம் பார்த்துவிடலாம். காளி லினக்ஸ் பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்களுக்கானது. லினக்ஸுக்குப் புதியவர்களுக்கு இது வேண்டாம் என்று அதைத் தயாரிக்கிறவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹேக்கிங் வீடியோ பார்த்துவிட்டு அதன் சின்னமான டிராகன் படத்துக்காகவே போடும் பிள்ளைகள் நம் கல்லூரிகளில் ஏராளம். உங்களுக்கு வேண்டியது ஆட்டத்துக்குள் இருக்கும் டிராகன். ஆர்ச் நல்ல சரக்குதான். வால்வ் நிறுவனம் 2022-ல் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவி ஓடுவதே ஆர்ச்சின் மேல் கட்டிய ஸ்டீம்ஓஎஸ்ஸில்தான். உங்கள் வகுப்புப் பையன் அதைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருப்பான். ஆனால் ஆர்ச்சுக்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும், விடாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1.5 ஜிபி பேக்கில் அது கட்டுப்படியாகாது. உபுண்டு தப்பில்லை. ஆனால் அதன் முதன்மைப் பதிப்பு 4 ஜிபி ரேமில் மூச்சு வாங்கும். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் விண்டோஸ் நினைவுக்கு வந்துவிடும்.

பாஸ் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அண்ணன் அழித்தது சாதாரணப் பொருள் இல்லை. பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம் அது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்டது. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது, மாநில அரசின் எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த பெட்டிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் பாஸும் குடியேறியது. ஸ்விட்சைப் போட்டால் எது வேண்டும் என்று கேட்கும் கருப்புத் திரையை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் இன்று இருபத்தைந்து முப்பது வயதில் இருப்பார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் லட்சக்கணக்கானவர்களின் கையில் கட்டற்ற இயங்குதளம் ஒன்றைக் காசில்லாமல் வைத்த மாநிலம் நம்முடையது. அதற்கு நடந்தது என்ன? உங்கள் வீட்டில் நடந்ததுதான் பெரும்பாலான வீடுகளிலும் நடந்தது.

ஏன் என்பதற்கு என் கணிப்பு இது. பாஸ் மோசம் என்று யாரும் அழிக்கவில்லை. வகுப்பில் அதைத் திறந்து காட்ட ஆளில்லை, கிராமத்தில் அப்டேட் போட இணையம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், பென் டிரைவில் கைமாறி வந்த ஜிடிஏ வைஸ் சிட்டியும் ஐஜிஐயும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் விண்டோஸில்தான் ஓடின. பதினேழு வயதுப் பையன் எந்தப் பக்கம் போவான்? பக்கத்துக் கேரளத்தில் பள்ளிகளின் ஐ.டி. பாடமும் தேர்வும் லினக்ஸிலேயே நடக்கின்றன. இப்போது கைட் என்று பெயர் பெற்றிருக்கும் அமைப்பு அதற்கென்றே ஒரு தொகுப்பைப் பராமரித்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறது. நாம் பெட்டியைக் கொடுத்தோம், பாடத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே அண்ணனைத் திட்டாதீர்கள்.

அதற்காகப் பாஸைத் தேடிப் பிடித்து மறுபடி போடவும் சொல்ல மாட்டேன். அரசு அலுவலக வேலையை மனதில் வைத்துச் செய்தது அது. சந்தேகம் வந்தால் கேட்க ஆளும், தேடினால் கிடைக்கும் பதிலும் குறைவு. பாஸ் டெபியன் என்ற லினக்ஸிலிருந்து வந்தது. நான் உங்களுக்குச் சொல்லப்போகும் லினக்ஸ் மின்ட் உபுண்டுவிலிருந்து வந்தது, உபுண்டு டெபியனிலிருந்து வந்தது. சொந்தம் வைத்துச் சொன்னால் பாஸ் மின்ட்டுக்குச் சித்தப்பா முறை. ஒன்றில் பழகியது மற்றதில் வீண்போகாது.

போட வேண்டியது லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் தளத்தில் சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று இருக்கும். பார்க்க அழகு சின்னமன்தான், ஆனால் உங்கள் ரேமுக்கு எக்ஸ்எஃப்சிஇ. சும்மா இருக்கும்போது ஏறத்தாழ ஒரு ஜிபிதான் எடுத்துக்கொள்ளும், மிச்சம் ஆட்டத்துக்கு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் அந்தக் காலத்து அரசு லேப்டாப்பில் இருக்க வாய்ப்பில்லை. ஆக, மாறுவது சரியான முடிவு.

மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. இரண்டு நாள் டேட்டா. பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்காமல் இருக்க டோரன்ட் வழியாக இறக்குங்கள். மின்ட் தளத்திலேயே டோரன்ட் இணைப்பு இருக்கிறது, அது முழுக்கச் சட்டப்படியானது. கல்லூரி லேபில் கேட்டு இறக்க முடிந்தால் இன்னும் நல்லது. ரூஃபஸ் என்ற சின்ன மென்பொருளை வைத்து 8 ஜிபி பென் டிரைவில் அதை ஏற்றிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும். அண்ணனின் போட்டோக்களை முதலில் வேறெங்காவது எடுத்து வையுங்கள். இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு அழுகிறவர்கள் எனக்கு மாதாமாதம் எழுதுகிறார்கள்.

பென் டிரைவைச் செருகி, ஸ்விட்சைப் போட்டதும் எஃப்12 அல்லது எஃப்2-வைத் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் (சில பெட்டிகளில் எஸ்கேப்). பென் டிரைவைக் காட்டினால் எதையும் நிறுவாமலேயே மின்ட் திறந்து நிற்கும். ஹார்ட் டிஸ்க் இன்னும் தொடப்படவில்லை. இந்த நிலையில் அரைமணி நேரம் செலவழியுங்கள். பாட்டு ஒன்றை ஓட விடுங்கள். திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறையுங்கள். மூடியை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று பாருங்கள். வைஃபை அடையாளம் தெரிகிறதா? தெரியாவிட்டால் பதறாதீர்கள், சில வைஃபை சிப்களுக்கு டிரைவரைத் தனியாக இறக்க வேண்டும். போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், எந்த டிரைவரும் கேட்காமல் இணையம் வந்துவிடும். வைஃபை இல்லாத உங்கள் வீட்டுக்கு இதுவே நிரந்தர வழியாகவும் இருக்கலாம்.

எல்லாம் திருப்தி என்றால் நிறுவுங்கள். கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு விண்டோஸ் தேவைப்பட்டால் அதை அப்படியே வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் மின்ட்டுக்கு 100 ஜிபி ஒதுக்கினால் போதும். பழைய லேப்டாப் பேட்டரி பத்து நிமிஷம் தாங்குமா என்பதே சந்தேகம். சார்ஜரைப் பிடுங்காமல், கரன்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பார்ட்டிஷனைச் சுருக்கும்போது பாதியில் அணைந்தால் இரண்டும் போய்விடும்.

நிறுவியதும், இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் என்றால் டிரைவர் தேடி அலையவே வேண்டாம். திறந்தமூல டிரைவர்கள் உள்ளேயே இருக்கின்றன. தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்ஸும் எம்17என் தொகுப்பும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். இன்னொன்று, கொஞ்சம் ஊர் சமாச்சாரம்: பஞ்சாலை ஊர்களில் லேப்டாப்பின் விசிறியில் பஞ்சுத் துகள் அடைத்துக்கொள்வதை அடிக்கடி பார்க்கலாம். சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆட்டம் திக்கும். ராஜபாளையத்தில் நல்ல சர்வீஸ் கடையில் கொடுத்து ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் அதே கடையில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். எந்த டிஸ்ட்ரோவும் தராத வேகத்தை அது தரும்.

இனி ஆட்டம். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் பெயரைத் தட்டினால் வரும். சில ஆட்டங்களுக்குச் சிஸ்டம் பேக்கேஜ், ஃப்ளாட்பேக் என்று இரண்டு வழி காட்டும். ஃப்ளாட்பேக் கூடவே சில நூறு எம்பி துணைச் சரக்கையும் இழுத்து வரும். உங்கள் டேட்டாவுக்குச் சிஸ்டம் பேக்கேஜைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் ஃப்ளேர். மேலிருந்து பார்க்கும் கோணம், மவுஸைத் தட்டினால் வீரன் நடப்பான், தட்டினால் வெட்டுவான், செத்த பிசாசு தங்கமும் கவசமும் உதிர்க்கும். டியாப்லோ வகை. 2018-ல் 1.0 பதிப்பு வந்தது. கதை பெரிதாக இல்லை, ஆனால் முதல் நாளே ஆடத் தொடங்கிவிடலாம். இந்தப் பெட்டியில் திக்காமல் ஓட வேண்டும்.

கதையும் வேண்டும் என்றால் தி பேட்டில் ஃபார் வெஸ்னாத். டேவிட் ஒயிட் என்பவர் 2003-ல் தொடங்கியது. இன்றுவரை உலகெங்கும் தன்னார்வலர்கள் வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். கறாராகச் சொன்னால் இது வியூக ஆட்டம். ஆனால் உங்கள் வில்லாளி ஒருத்தி ஒரு போரில் பிழைத்தால் அனுபவம் சேர்ந்து தேர்ச்சி பெறுவாள், அடுத்த போருக்கு அவளையே திரும்ப அழைக்கலாம். அறுகோணக் கட்டங்களில் படை நகரும். ஒவ்வொரு சுற்றுக்கும் பொழுது மாறும்; மனிதப் படைக்குப் பகலில் 25 சதவீதம் அடி கூடும், ஓர்க்குகளுக்கும் பிணங்களுக்கும் இரவில் அதே 25. அந்தி சாயும் நேரத்தில் ஆற்றைக் கடக்கலாமா, ஊருக்குள் பதுங்கி விடியும்வரை தாக்குப்பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தால் மணி பத்தாகிவிடும். அப்பா தூங்கிய பிறகு தொடங்க வேண்டாம்.

எனக்கு மிகப் பிடித்தது நெட்ஹேக். 1987-ல் வந்தது, சில எம்பி அளவு, படம் எதுவும் கிடையாது. திரையில் ஒரு '@' குறி. அதுதான் நீங்கள். சுவர் என்பது கோடு, கதவு என்பது ஒரு குறி, அரக்கன் என்பது ஓர் எழுத்து. கீழே கீழே இறங்கி யெண்டோரின் தாயத்தை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். செத்தால் செத்ததுதான், பழைய இடத்திலிருந்து தொடர முடியாது. பெரும்பாலான வேடங்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ கூட வரும். ராஜபாளையத்துக்காரர்களுக்கு நாயின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இந்த நாயைப் பாருங்கள்: தரையில் கிடக்கும் வாளைத் தாண்ட அது தயங்கினால் அந்த வாளில் சாபம் இருக்கிறது என்று பொருள். கடைக்குள் நுழைந்தால் சாமானைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து போடும். கடைக்காரர் உங்களைக் கேள்வி கேட்க மாட்டார். இதையெல்லாம் ஆட்டம் சொல்லித்தராது, செத்துச் செத்துத்தான் கற்க வேண்டும். எழுத்துக்குறியைப் பார்த்து மிரண்டால் டஞ்சன் கிரால் ஸ்டோன் சூப் என்பதன் படப் பதிப்பைப் போடுங்கள். குணம் அதேதான், சின்னச் சின்னப் படங்கள் இருக்கும், பயிற்சிப் பாடமும் உண்டு.

ஸ்கைரிமின் வாசனை வேண்டும் என்றால் அதன் மூத்த தலைமுறைக்குப் போங்கள். 1996-ல் வந்த டேக்கர்ஃபாலை பெதஸ்டா நிறுவனம் 2009-ல் இலவசமாக்கிவிட்டது. அதன் நிலப்பரப்பு ஒரு லட்சத்து அறுபதாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் தமிழ்நாடு 1,30,058 தான். பெரும்பகுதி கணினி தானே உருவாக்கிய ஒரே மாதிரி ஊர்களும் குழப்படிக் குகைகளும். எனக்குச் சலித்துவிட்டது, உங்களுக்குப் பிடிக்கலாம். 2002-ன் மோரோவிண்ட் அப்படியில்லை, ஒவ்வொரு ஊரும் கையால் செய்தது. அதை லினக்ஸில் நேரடியாக ஓட்ட ஓபன்எம்டபிள்யூ என்ற திறந்தமூல எஞ்சின் இருக்கிறது. எஞ்சின் இலவசம், ஆட்டத்தின் கோப்புகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஜிஓஜி, ஸ்டீம் தளங்களில் தள்ளுபடி வரும் நாளுக்குக் காத்திருங்கள்.

ஸ்டீம் பற்றி இவ்வளவு போதும்: வால்வ் 2018 ஆகஸ்டில் புரோட்டான் என்ற கருவியைச் சேர்த்ததிலிருந்து விண்டோஸ் ஆட்டங்களில் பெரும்பாலானவை லினக்ஸிலும் ஓடுகின்றன. அதற்கு வல்கன் என்ற வசதியை முழுதாகத் தரும் கிராஃபிக்ஸ் சிப் வேண்டும். பழைய இன்டெல்லில் அது அரைகுறை. வேலொரண்ட் போன்ற சில ஆன்லைன் ஆட்டங்கள் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளால் லினக்ஸை உள்ளேயே விடுவதில்லை. நாளை புதிய லேப்டாப் வாங்கினால் இதைப் பற்றி விரிவாகப் பேசுவோம்.

யாரோ சொன்ன அந்தத் தளங்கள் வேண்டவே வேண்டாம். உடைத்த ஆட்டத்தோடு என்ன ஒட்டிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. லினக்ஸில் அவை பாதி ஓடவும் செய்யாது. மேலே சொன்ன நாலு கட்டற்ற ஆட்டங்களையும் தயாரித்தவர்களே நகலெடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் ஒருமுறை இறக்கினால் தோழிகளுக்குப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாம், யாருக்கும் துரோகமில்லை.

அப்பாவின் கேள்விக்குச் சண்டை போட்டுப் பதில் சொல்ல முடியாது. அவர் வயதுக்காரர்களில் நிறையப் பேர் உங்கள் பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து இரும்புக்கை மாயாவி படித்தவர்கள். படித்தாரா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெஸ்னாத்தைத் திறந்து அவர் கையில் மவுஸைக் கொடுங்கள். ஒரே கணினியில் இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். பி.எஸ்சி. பாடம் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால், ஃப்ளேர், வெஸ்னாத், நெட்ஹேக், ஸ்டோன் சூப் நாலின் மூல நிரலும் திறந்தே கிடக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். தமிழில் லினக்ஸ் கற்க 2012-லிருந்து கணியம் என்ற இணைய இதழ் இருக்கிறது. அவர்களின் கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசம்.

இந்த வாரம் ஐஎஸ்ஓவை இறக்குங்கள், பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள், நிறுவியதும் ஃப்ளேரில் தொடங்குங்கள். எங்காவது தடுக்கினால் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது மின்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற இடத்தைத் திறந்து பிராசஸர், கிராஃபிக்ஸ், வைஃபை சிப் மூன்றின் பெயரையும் அப்படியே பார்த்து எழுதுங்கள். 'அரசு லேப்டாப்' என்று மட்டும் எழுதினால் என்னால் பதில் சொல்ல முடியாது; ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு கம்பெனிப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள்.